கூடையில் பழம் – கணக்கும் மொழியும்

"கூடையில் மாம்பழம் இருக்கிறது" என்றால் உங்களுக்கு உடனே புரிகிறது. கணிப்பொறிக்கு இதை எப்படிப் புரியவைப்பது? ராண்டெல், சுயி, கோன் ஆகிய மூவர் 1992இல் இதற்கு ஒரு தர்க்க முறையை வகுத்தனர். விலகியிருத்தல், தொட்டிருத்தல், ஓரளவு கவிந்திருத்தல், அடங்கியிருத்தல் எனத் தொடங்கி எட்டே உறவுகளில் இரு பகுதிகளின் நிலையைச் சொல்லிவிடலாம். அளவுகோல் இன்றியே இடத்தை ஆராயலாம் என்று காட்டியது இதன் சிறப்பு.

ஆனால், பழம் பிரம்புக்குள் இல்லையே; பிரம்பைத் தொட்டுக்கொண்டல்லவா இருக்கிறது? ஆகவே, கூடையைச் சுற்றி இறுக்கமாக ஓர் உறை இட்டதாகக் கொண்டு, அதற்குள் இருப்பதை 'உள்ளே' என்றனர். இங்கேதான் சிக்கல். குவித்த கூடையின் உச்சிப் பழம் உறைக்கு வெளியே நிற்கிறது. அதுவும் நமக்குக் 'கூடையில்'தான்! காசின்மேல் தம்ளரைக் கவிழ்த்தால் காசு உறைக்குள் இருக்கிறது. நாமோ 'தம்ளருக்கு அடியில்' என்கிறோம்.

காரணம் என்ன? கூடையைத் தூக்கிப் பாருங்கள், உச்சிப் பழமும் உடன் வரும். தம்ளரைத் தூக்கினால் காசு மேசையிலேயே தங்கிவிடும். எடையை எது தாங்குகிறது என்பதையும் நம் பேச்சு கணக்கில் கொள்கிறது. வடிவத்தை மட்டும் கற்ற எந்திரம் உச்சிப் பழத்தை விட்டுவிடும். வடிவியலோடு விசையையும் சேர்த்தால்தான் இம்முறை நிறைவு பெறும்.