63 எழுத்து, 20 அசை, ஒரே குஷி!

ஜெர்மன் படிக்கிறவர்கள் அந்த மொழியின் நீளச் சொற்களைக் கண்டால் அலறுவார்கள். எனக்கோ அவைதான் உயிர்! வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் விடவே மனசு வராது.

என் செல்லச் சொல், மாட்டிறைச்சி லேபிள்களைக் கண்காணிக்கும் பணியை ஒப்படைப்பது பற்றிய ஒரு சட்டத்தின் பெயர். மெக்லன்பர்க்-ஃபோர்பொமர்ன் மாநிலம் 1999-இல் கொண்டுவந்தது, 2013-இல் ரத்தாகிவிட்டது. மொத்தம் 63 எழுத்து! அச்சில் பார்த்தால் மலைப்புத்தான். பிரித்தால்? ரிண்ட்ஃப்ளைஷ் – எடிகெட்டீருங்ஸ் – யூபர்வஹுங்ஸ் – அவுஃப்காபன் – யூபர்ட்ராகுங்ஸ் – கெஸெட்ஸ். ஆறே துண்டு, இருபதே அசை. சரவெடி மாதிரி படபடவென்று வெடித்து முடிந்துவிடும்!

'ரிண்ட்' மேல் ஓங்கி ஓர் அழுத்தம். மற்றத் துண்டுகளுக்கு அதைவிடத் தணிவாக ஒவ்வொன்று. 'உங்ஸ்' என்று காதில் விழுந்தால் ஒரு துண்டு முடிந்தது. அந்த 'ஸ்' வெறும் ஒட்டு. அசை பிரிக்கும்போது முன்துண்டோடுதான் போகும். அடுத்த துண்டு உயிரெழுத்தில் தொடங்கினால் தொண்டை ஒரு கணம் அடைத்து 'டக்'கென்று திறக்கும். இந்த ஒரே சொல்லில் அந்தச் சுகம் நாலு இடத்தில்! நம் நாக்கு சும்மா இருக்காது, 'ஃப்ளைஷெடிகெட்' என்று மெய்யையும் உயிரையும் புணர்த்தப் பார்க்கும். ஜெர்மன்காரர் தெளிவாகப் பேசும்போது அந்த இடத்தில் புணர்ச்சிக்கே இடமில்லை.

வெட்டும் இடம் மாறினால் கூத்தே வேறு. எழுத்து ஒன்றுகூட மாறாமல், 'வக்ஸ்-டூபெ' என்றால் மெழுகு அடைத்த ட்யூப்; 'வஹ்-ஷ்டூபெ' என்றால் காவலர் அறை. நடுவில் நிற்கும் எஸ் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அதற்கேற்ப முன்னும் பின்னும் ஒலி மாறிவிடுகிறது. அடடா, என்ன அழகு!

எழுத்திலும் அதே கறார். கப்பல் போக்குவரத்தைக் குறிக்கும் 'ஷிஃப்-ஃபார்ட்'டில், 1996 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு மூன்று எஃப் வரிசையாக நிற்கின்றன. முன்துண்டுக்கு இரண்டு, பின்துண்டுக்கு ஒன்று. யார் பங்கும் குறையவில்லை.

பழக ஆசையா? கடைசித் துண்டிலிருந்து பிடியுங்கள். பொருள் இன்னதென்று சொல்வதே அதுதான். முதலில் 'கெஸெட்ஸ்', பிறகு 'யூபர்ட்ராகுங்ஸ்-கெஸெட்ஸ்', இப்படி முன்னால் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே வாருங்கள். பேருந்தில் மட்டும் வேண்டாம். எனக்குப் பக்கத்து இருக்கை தானாகக் காலியாகிவிடுகிறது.