காவலும் இற்செறிப்பும்: வனத்துறைப் பெண்ணைத் திரையில் வாசித்தல்

சங்கப் பாடல்களின் குறிஞ்சி நிலத்தில் காட்டோரம் காவல் இருப்பவள் பெண். தினை முற்றும் பருவத்தில் பரண்மீது ஏறி, தட்டையும் தழலும் கவணும் கொண்டு கிளியோட்டுவது தலைவியின் வேலை. அறுவடை முடிந்ததும், அல்லது அவள் காதல் தாய்க்குத் தெரியவந்ததும், அதே பெண் வீட்டுக்குள் வைத்துக் காக்கப்படுகிறாள். நம் இலக்கணம் இதற்கு இட்ட பெயர் இற்செறிப்பு. காவல் காத்தவள் ஒரே நாளில் காக்கப்பட வேண்டியவளாகிவிடுவதை நாம் வகுப்பில் 'துறை' என்று சொல்லி, மதிப்பெண்ணுக்கு எழுதவைத்துக் கடந்துபோகிறோம். வனத்துறைப் பணியாளர்கள் இடம்பெறும் மூன்று படங்களை என் மாணவிகளோடு சேர்ந்து பார்த்தபோது, அந்தத் துறை இன்னும் வழக்கொழியவில்லை என்று தோன்றியது. எஸ்.பி. ஜனநாதனின் 'பேராண்மை' (2009), அமித் மசூர்கரின் இந்திப் படமான 'ஷேர்னி' (2021), கார்த்திகி கொன்சால்வ்ஸின் ஆவணப்படம் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' (2022) ஆகியவை அவை.

நான் பாடம் நடத்துவது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில். இங்கே காடு என்ற சொல்லுக்குப் பெரிய வேலை இல்லை. ஏரிக்கரை, தொழிற்சாலை மதில், கம்பெனிப் பேருந்து, இவைதான் கண்ணில் படும். தெற்கே போனால் வேடந்தாங்கல் இருக்கிறது. 1936இல் சரணாலயமாவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்மக்கள் பறவைகளைக் காத்துவந்த ஏரி அது. தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர். என் மாணவிகளில் பலருக்கு அக்காவோ அம்மாவோ ஷிஃப்டு வேலைக்குப் போகிறவர்கள். ஆகவே அவர்கள் படம் பார்க்கும் விதம் வேறு. ஆவணப்படம் முடிந்ததும் ஒருத்தி முதலில் கேட்டது யானையைப் பற்றி அல்ல: "பெள்ளி பெர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா மேம்?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே இந்த மூன்று படங்களையும் வாசிக்கலாம்.

'பேராண்மை'யின் துருவன் வனத்துறையில் வேலை பார்க்கும் பழங்குடி இளைஞன். மேலதிகாரி அவனைச் சாதி சொல்லி இழிவுபடுத்துவதைத் தமிழ்ப் படம் ஒன்று இவ்வளவு நேரடியாகக் காட்டியது குறைவு. காட்டைக் காப்பாற்றியவன் ஒருவன், பதக்கம் வாங்குபவன் வேறொருவன் என்று படம் முடிவது கசப்பான உண்மை. ஆனால் அவனோடு காட்டுக்குள் போகும் ஐந்து கல்லூரி மாணவிகளுக்குப் படம் என்ன தருகிறது? முதலில் அவனைக் கேலி செய்பவர்கள், பிறகு அவனிடம் பாடம் கற்று வீரம் பெறுகிறார்கள். பெண்ணின் துணிவும் ஆணின் கையிலிருந்தே வருகிறது. துருவனின் சொந்தக் குடியிருப்பிலுள்ள பெண்களோ, காட்டை அவனைவிடக் குறைவாக அறிந்திருக்க வாய்ப்பில்லாதவர்கள், பின்னணியிலேயே நின்றுவிடுகிறார்கள். தலைப்பும் நம்மைச் சும்மா விடவில்லை. பேராண்மை என்ற சொல்லை வள்ளுவர் இரண்டு இடங்களில் ஆள்கிறார். ஒன்று போர்க்களத்து வீரம்; மற்றது பிறன் மனைவியைத் தவறாக நோக்காத பண்பு. படம் முதல் பொருளை எடுத்துக்கொண்டது. காக்கிச் சட்டையைப் பொறுத்தவரை நமக்கு அவசரமாகத் தேவைப்படுவது இரண்டாவது.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் வாச்சாத்திக்குப் போக வேண்டும். 1992 ஜூன் 20 அன்று, சந்தனமரக் கடத்தலைத் தேடுகிறோம் என்ற பெயரில், தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவார ஊருக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் நுழைந்தார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. பழங்குடிப் பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோக, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அவர்களில் 126 பேர் வனத்துறையினர். சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பரில் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. சம்பவத்துக்கும் இந்த உறுதிக்கும் இடையே 31 ஆண்டுகள். அவ்வளவு காலமும் சாட்சியத்தில் பிறழாமல் நின்றவர்கள் அந்தப் பெண்கள். காட்டுக் காவலரை நாயகனாகவோ நாயகியாகவோ காட்டும் எந்தப் படத்தையும் வாச்சாத்திப் பெண் எப்படிப் பார்ப்பாள் என்று கேட்காத விமர்சனம் பாதி விமர்சனம்தான்.

'ஷேர்னி' இந்தக் கேள்விக்குச் சற்று அருகில் வருகிறது. வித்யா பாலன் ஏற்றிருக்கும் வித்யா வின்சென்ட் கோட்ட வன அலுவலர். ஆட்கொல்லி என்று பெயர் சூட்டப்பட்ட பெண்புலியைச் சுடாமல் காப்பாற்ற முயல்கிறாள். கிராமத்துப் பெண்களோடு உட்கார்ந்து பேசுகிறாள். மேய்ச்சல் நிலம் பறிபோனதால்தான் அவர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு புலியின் வழிக்குப் போக நேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்கிறாள். இவள் உரக்கக் கத்துவதில்லை, துப்பாக்கி ஏந்துவதில்லை. அலுப்போடு கோப்பு பார்க்கிறாள். அந்த அலுப்புதான் படத்தின் பெரிய சாதனை. அரசு வேலையில் இருக்கும் பெண்கள் அதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். கடைசியில் புலி கொல்லப்படுகிறது. வித்யாவுக்கு மாற்றல் உத்தரவு வருகிறது. உயிருள்ள காட்டிலிருந்து பாடம்செய்த விலங்குகள் நிற்கும் அருங்காட்சியகத்துக்கு அவளை அனுப்புகிறார்கள். தண்டனை என்று யாரும் சொல்வதில்லை. பாதுகாப்பான பணியிடம் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். இற்செறிப்பு அரசாணையாக வரும்போது இப்படித்தான் இருக்கும்.

திரைக்கு வெளியேயும் காவல் பணிக்கு வரும் பெண்ணின் உடல்தான் முதலில் விசாரணைக்கு உள்ளாகிறது. இந்திய வனப்பணியில் பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்ததே 1980இல்தான். வனக்காப்பாளர் தேர்வுக்கு வரும் பெண்களுக்கு மார்பளவு எடுப்பது தன்னிச்சையானது, கண்ணியத்துக்கு எதிரானது என்று ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொல்ல வேண்டியிருந்தது. காட்டில் நடக்கும் திறனை அளக்க நடையே போதும் என்பது நீதிபதி சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மகாராஷ்டிரத்தின் தடோபா காப்பகத்தில் 2021 நவம்பரில் புலிக் கணக்கெடுப்புப் பணியின்போது புலி தாக்கி இறந்த வனக்காப்பாளர் ஸ்வாதி துமானே நடந்துதான் போனார், உதவியாளர்களோடு. ஆபத்து பெண்ணுக்கு ஆகாது என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆபத்தைக் காரணம் காட்டி வேலையை மறுக்காதீர்கள். வேலைக்குப் போகிறவருக்குத் துணையும் கருவியும் காப்பீடும் கொடுங்கள்.

இப்போது பெள்ளி. முதுமலை தெப்பக்காடு முகாமில் தாயை இழந்த ரகு, அம்மு என்ற யானைக்குட்டிகளை வளர்க்கும் பொம்மன், பெள்ளி இணையரின் கதை 2023 மார்ச்சில் ஆஸ்கர் விருது பெற்றது. பெள்ளி காட்டுநாயக்கர் சமூகத்துப் பெண். கணவரைப் புலிக்கும் மகளைச் சாவுக்கும் கொடுத்தவர். படம் அவரை அன்போடு பார்க்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. பால் கரைப்பது, குளிப்பாட்டுவது, இரவில் கண்விழிப்பது எல்லாம் தாய்மை என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. பொம்மன் செய்தால் அது பாகன் தொழில், தலைமுறை அறிவு. பெள்ளி செய்தால் அது மனசு. மனசுக்குச் சம்பளம் கிடையாது என்பது நம் சமையலறைகளிலேயே தெரிந்த கணக்கு.

விருதுக்குப் பிறகு தமிழக அரசு பரிசுத் தொகை வழங்கியது. 2023 ஆகஸ்டில் பெள்ளியைத் தெப்பக்காட்டின் முதல் பெண் காவடியாக, அதாவது யானைப் பாகனின் உதவியாளராக, நியமித்தது. தற்காலிகப் பணி. மாணவி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். உலகம் பார்த்த பிறகுதான் அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலைக்கு ஒரு பெயர் கிடைத்தது. அந்தப் பெயருக்கு முன்னாலும் தற்காலிகம் என்ற சொல் ஒட்டிக்கொண்டது.

இதை என் மாணவிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. காட்டில் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் பல ஆண்டுகள் தற்காலிகமாகவே ரோந்து போவதும், தொழிற்சாலையில் ஒப்பந்தப் பெண்கள் பல ஆண்டுகள் அதே லைனில் நிற்பதும் ஒரே கதை என்று அவர்களே சொன்னார்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவால் தோழிகள் நோயுற்றபோது ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்ததும் இந்தப் பகுதியில்தான். பாதுகாப்பு என்று சொல்லி நேரம் குறித்துப் பூட்டும் விடுதிக் கதவு உணவைக் காக்கவில்லை என்பதை அன்று ஊரே பார்த்தது.

காக்கியில் ஒரு பெண் நடந்துவந்தால் கைதட்டுவது எளிது. கைதட்டலாம், தவறில்லை. அவள் நிரந்தரமா, இரவு ரோந்துக்கு அவளுக்கு என்ன தருகிறார்கள், உண்மை சொன்னால் எந்த அருங்காட்சியகத்துக்கு அனுப்புவார்கள் என்றும் கூடவே கேட்போம். அவள் காக்கும் காட்டில் வாழும் பெண்ணுக்கு அவளிடம் பயமா, நம்பிக்கையா என்றும் கேட்போம். 2006 வன உரிமைச் சட்டத்தின் விதிகள், கிராமசபை அமைக்கும் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்கின்றன. பரண் மறுபடி அவள் கைக்கு வர, சட்டத்தில் இடம் இருக்கிறது. காக்கி உடுத்தியவளும் அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பவளும் ஒரே பக்கம் நின்று பேசும் காட்சியைத் தமிழ்த் திரை இன்னும் எடுக்கவில்லை. வனக்காப்பாளர் தேர்வுக்குப் படிக்கும் என் மாணவிகள் இருவர் அதற்காகக் காத்திருக்கப் போவதில்லை. காலையில் ஏரிக்கரையில் நடந்து பழகுகிறார்கள்.