கண்டித் தையலில் மூன்று வழி

கண்டி ஊசி வேலை என்றால் பலருக்கும் பெரஹரா ஊர்வல யானையின் போர்வைதான் நினைவுக்கு வரும். சரிகையும் மினுக்கும் தீப்பந்த வெளிச்சத்துக்காகவே தைத்தவை. தள்ளி நின்று பார்த்தால் போதும். அரசவைக்குத் தைத்தவர்கள் ஹன்னாலி எனும் தையற்கார மரபினர். 1815இல் கண்டி அரசு போனபின் அந்த வேலைக்குப் பிரதானிகளின் உடையும் தேவாலய ஊர்வலமுமே மிஞ்சின.

இரண்டாவது வழி வெற்றிலைப் பை; என் ஓட்டு அதற்குத்தான். நீலப் பருத்தித் துணியில் சிவப்பு, வெள்ளை நூல். பெரும்பாலும் சங்கிலித் தையல். நடுவில் தாமரை, சுற்றிலும் லியவெல என்கிற கொடி, ஓரத்தில் பலாபெத்தி இதழ் வரிசை. கிட்டப் பிடித்துப் பார்த்தால் ஓர் இதழ் தடித்தும் அடுத்தது மெலிந்தும் இருக்கும். இழை எண்ணித் தைத்ததல்ல. கோடு போன போக்கில் ஊசியும் போயிருக்கிறது. நேர்கோட்டில் கண்ணி நீளலாம், வளைவில் சிறுக்க வேண்டும். தேர்ந்த கையை அங்கேதான் கண்டுகொள்ளலாம். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை நூலில் இத்தையலுக்கும் இடம் கொடுத்தார். அதற்காகப் பல படங்களை எடுத்த அவர் மனைவி எதெல், பின்னாளில் இங்கிலாந்தில் பேர்போன நெசவாளரானார்.

மூன்றாவது வழி மிஷன் பள்ளிகளோடு வந்த வெள்ளைத் தையல்: தலையணை உறை, கைக்குட்டை, மேசை விரிப்பு. இதன் அளவுகோலை அறிய நோர்வேயின் ஹார்டாங்கர் வேலையைப் பார்க்கலாம். அங்கே நான்கு இழைக்கு மேல் ஐந்து தையல் சேர்ந்தால் ஒரு கட்டம். கட்டங்கள் எதிரெதிரே சரியாக அமைந்த பிறகே நடுவிலுள்ள இழைகளை வெட்டி உருவுவார்கள். எஞ்சிய இழைகளைச் சுற்றிப் பின்னிச் சன்னல் போல் ஆக்குவார்கள். ஓர் இழை தப்பினாலும் கட்டம் கூடாது. வெட்டிய பிறகோ திருத்த வழியில்லை. ஹார்டாங்கர் பகுதியில் பெண்களின் மரபுடைக்கான வெள்ளை ஏப்ரனில் இவ்வேலையைக் காணலாம்.

நம் கண்காட்சிகளில் வெற்றிலைப் பைக்கும் வெள்ளைத் தையலுக்கும் ஒரே மதிப்பெண் தாளை வைக்கிறார்கள். துணியைத் திருப்பி முடிச்சு தேடுகிறார்கள், ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள். மேசை விரிப்புக்கு அது நியாயம். வெற்றிலைப் பையை அப்படி அளந்தால், அச்சுப் பிசகாமல் மெஷினில் தைத்த சுற்றுலாக் கடைப் பைக்கே முதல் பரிசு போகும். பைக்குத் தனிப் பிரிவு வையுங்கள்; கொடி எங்கே திரும்புகிறது, விளிம்புத் தையல் எவ்வளவு இறுக்கம் என்று மட்டும் பாருங்கள்.