துரைசாமி என்னும் பெயர்: 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி வரலாறுகள் மீது ஒரு மறுநோக்கு

1815 மார்ச் 2ஆம் திகதி உடன்படிக்கையினாற் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. மூன்றாண்டு நிறையுமுன்னரே ஊவா, வெல்லச, பிந்தனை, வலப்பனை ஆகிய பகுதிகளில் மூண்ட கிளர்ச்சி, கண்டி நாட்டார் இழந்த சுதந்திரத்தை மீட்க நடாத்திய பெரும் போராகும். இப்போர் பற்றிய நூல்களைத் தமிழ் வாசகர், அதிலும் வலப்பனைத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த வாசகர், எந்நிலையில் நின்று படிப்பது என்னும் வினாவை நம் விமரிசகர் போதிய அளவு எழுப்பினாரல்லர். தம் வரலாறு கோப்பித் தோட்டத்துடனேயே தொடங்குவதாகவும், அதற்கு முற்பட்டது பிறருடைய வரலாறு எனவும் கொள்ளும் மனப்பாங்கே இதற்குக் காரணம் எனலாம்.

அடிப்படை நூல்களாக மூன்றைக் குறிப்பிடலாம். 1821இல் வெளிவந்த ஜோன் டேவியின் நூல், 1846இல் வெளிவந்த ஹென்றி மார்ஷலின் நூல், 1950இல் போல் ஈ. பீரிஸ் வெளியிட்ட விரிவான ஆய்வு என்பன அவை. முன்னிருவரும் ஆங்கிலப் படையின் வைத்தியர்கள். எனினும், வென்றோர் பக்கத்து எழுத்துக்கு இயல்பான இறுமாப்பு அவர்களிடம் குறைவாகவே உண்டு. போரிலும் தூக்கிலும் நோயிலும் பட்டினியிலும் மாண்ட கண்டியர் தொகை பதினாயிரத்தை எட்டியிருக்கலாம் என டேவி மதிப்பிடுகின்றார். கிளர்ச்சி வென்றிருப்பின் கெப்பெட்டிபொல தேசபக்தரெனப் போற்றப்பட்டிருப்பார் என்னும் கருத்தினர் மார்ஷல். ஆயினும் அதே மார்ஷல்தான் அவ்வீரரின் மண்டையோட்டை எடின்பரோவிலிருந்த மண்டையோட்டியற் கழகத்திற்குக் கொடுத்தவர். 1954இலேயே அது இலங்கைக்கு மீண்டது. இரக்கமும் அபகரிப்பும் ஒரே கையில் இருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

மூன்று நூல்களிலும் போரின் திருப்பங்கள் ஏறத்தாழ ஒன்றே. 1817 ஒக்டோபரிற் பதுளை உதவி வதிவிடப் பிரதிநிதி வில்சன் கொல்லப்பட்டமை, அடக்கச் சென்ற ஊவாத் திசாவை கெப்பெட்டிபொல அரசாங்கத் துப்பாக்கிகளைத் திருப்பியனுப்பிவிட்டுக் கிளர்ச்சியாளருடன் சேர்ந்தமை, தந்ததாது கிளர்ச்சியாளர் வசமானமை, பின் அது ஆங்கிலேயரிடம் மீண்டமை, 1818 நவம்பரிற் கெப்பெட்டிபொலவும் மடுகல்லவும் சிரச்சேதம் செய்யப்பட்டமை என இவை தொடரும். நான் இவற்றிலும் முதன்மையானதாகக் கருதுவது வேறொன்று. அது கிளர்ச்சியின் அரசன் சூடிய பெயர்.

பிக்குவாக இருந்து துறவு நீங்கிய வில்பாவே என்னும் சிங்களவர், தாம் நாடுகடத்தப்பட்ட நாயக்க அரசனின் உறவினராகிய துரைசாமி எனக் கூறிக்கொண்டே மக்கள் முன் தோன்றினார். சிங்களக் கிராமத்தவர் அப்பெயரின் கீழ் அணிதிரண்டனர். 1818இன் பிற்பகுதியில் மடுகல்ல அவரைப் போலியென வெளிப்படுத்தியபோதும், குற்றமாகக் கொள்ளப்பட்டது அவர் அரச குலத்தவர் அல்லர் என்பதே. அரசுரிமையை மொழியோ இனமோ அன்றிக் குலமும் தாதுவும் நிர்ணயித்த ஒரு காலத்தை இது காட்டுகின்றது. பிற்காலத் தேசியவாத எழுத்து இப்பெயரைச் சங்கடத்துடன் கடந்து செல்கின்றது. நம்மவர் சிலர் எதிர்த்திசையிற் சென்று கடைசி மன்னனைத் ‘தமிழ் மன்னன்’ என உரிமை கோருவர். அதுவும் பொருந்தாது. 1739 முதல் ஆண்ட நாயக்கர் நால்வரும் தெலுங்கு வழியினர். பௌத்தத்தின் புரவலராகவே அரசு செலுத்தியவர். இரு சாராரும் இருபதாம் நூற்றாண்டின் வழக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மன்றில் வாதிடுகின்றனர். (தோட்ட வழக்கிற் ‘துரை’ என்பது வெள்ளைக்கார முகாமையாளரைக் குறிக்கலாயிற்று; வரலாற்றின் குறும்புகளுள் இதுவும் ஒன்று.)

இனி, தமிழர் இப்போரில் முற்றாக வெளியார் என்பதும் சரியன்று. கிளர்ச்சியை அடக்கச் சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்ப் படைகள் தருவிக்கப்பட்டன. கூலிகளாய் மலையேறியோருக்கு முன்பே, படைவீரராய் மலையேறியோர் உளர். இதனை மறைப்பதாற் பயனில்லை. ஆனால் இதனைக் கொண்டு தோட்டத் தொழிலாளரைக் காணி கவர்ந்தோராகச் சித்திரிக்கும் எழுத்து, காரண காரியத்தைத் தலைகீழாக்குவதாகும். தேசாதிபதி பிரவுன்றிக்கின் படைகள் வயலையும் வீட்டையும் அழித்தன. 1818 நவம்பர் 21ஆம் திகதிப் பிரகடனம் 1815இன் வாக்குறுதிகளைச் சுருக்கிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்டவியலாத காட்டையும் சேனையையும் முடிக்குரியதாகக் கொண்டது. அக்காலத்திற் காணி வாங்கிக் கோப்பி பயிரிட்டோருள் அரசின் உயரதிகாரிகளும் இருந்தனர். தொழிலாளி அக்காணியில் ஓரடிக்கும் உரிமை பெற்றானல்லன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் பின் நாட்டின் குடியுரிமையையும் இழந்தான்.

இராகலையிலோ உடப்புசல்லாவையிலோ நின்று நோக்குவோர்க்கு மேலே தேயிலையும் கீழே வயலும் தெரியும். கீழேயுள்ள கிராமத்தவரும் அரசின் கையில் தப்பினாரல்லர். நெல்வரி நிலுவைக்காக வலப்பனை உழவரின் வயல்கள் 1880களில் ஏலத்தில் விற்கப்பட்டன. பலர் வறுமையில் மாண்டனர். அவ்வரி 1892இலேயே ஒழிக்கப்பட்டது. 1818இன் தலைவர் பத்தொன்பதின்மர் மீதிருந்த துரோகிப் பட்டம் 2016 டிசம்பரிற் கண்டியில் நீக்கப்பட்டபோது, தமிழ் ஏடுகள் அதனைச் சிங்கள மக்களின் விழாவொன்றாகவே கருதிச் செய்தியளவில் நின்றன. துரைசாமி என்னும் பெயருக்கு ஊர்கள் ஏன் எழுந்தன என்று அன்றேனும் நாம் கேட்டிருக்கலாம்.