சேதுவின் சங்கிலியும் ஹரிதாஸின் ஓட்டமும்

மனநலம், மாற்றுத்திறன் பற்றிய தமிழ்ச் சமூகத்தின் பார்வை மாறிவிட்டதா என்று கேட்டால் பலரும் சினிமாவைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். அன்னைக்கு லூசுன்னு சிரிச்சோம், இன்னைக்கு பேரன்பு பாத்து அழறோம், மாறிட்டோம்ல என்கிறார்கள். இதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்காக ஐந்து படங்களை வெளிவந்த வரிசையில் திரும்பப் பார்த்தேன்: அஞ்சலி (1990), சேது (1999), தெய்வத்திருமகள் (2011), ஹரிதாஸ் (2013), பேரன்பு (2019). கையில் ஒரே ஒரு கேள்விதான் வைத்துக்கொண்டேன். படம் முடிந்த மறுநாள் காலையில் அந்த மனிதரை யார் பார்த்துக்கொள்வார்கள்?

அஞ்சலியில் இந்தக் கேள்விக்கே வேலை இல்லை. மூளை வளர்ச்சி குன்றிய குழந்தையை, இறந்தே பிறந்தது என்று மனைவியிடம் பொய் சொல்லி வேறிடத்தில் வளர்க்கிறார் அப்பா. உண்மை தெரிந்து குழந்தை வீட்டுக்கு வருகிறது. அக்கம்பக்கம் முதலில் எதிர்க்கிறது, பிறகு மனம் மாறுகிறது. எல்லோரும் ஏற்றுக்கொண்டபின் குழந்தை இறந்துவிடுகிறது. 1990இல் இப்படி ஒரு குழந்தையை நடுவில் வைத்துப் படம் எடுத்தது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அஞ்சலி பிழைத்து, அவளுக்குப் பதினைந்து வயது ஆகியிருந்தால் அந்த அடுக்குமாடிக்காரர்கள் என்ன செய்திருப்பார்கள்? படம் அந்தச் சிரமத்தை யாருக்கும் வைக்கவில்லை.

சேது 1999 டிசம்பரில் வந்தது. தலையில் அடிபட்டு மனம் பிறழ்ந்த நாயகனைப் பாண்டிமடத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். மொட்டைத் தலை, காலில் சங்கிலி. நாம் எல்லோரும் அழுதோம். ஆனால் அழுதது சேதுவின் காதலுக்காக. அந்தக் கொட்டடியில் சுற்றி உட்கார்ந்திருந்த மற்றவர்கள் நமக்குப் பின்னணிதான். இருபது மாதம் கழித்து, 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட வழக்கின் தலைப்பில் 25 என்றுதான் இருக்கும். மற்றவர்கள் பிறகு இறந்தவர்கள். சில நாட்களில் அங்கிருந்த அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசுப் பொறுப்புக்கு வந்தார்கள்.

ஏர்வாடிக்குப் பிறகு சங்கிலி கொடுமை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, எந்த வடிவத்திலும் சங்கிலி போடக் கூடாது என்று தடையே விதித்துவிட்டது. ஆனால் இன்னொரு கேள்வியை விட்டுவிட்டோம். அத்தனை குடும்பங்கள் ஏன் அங்கே போயின? "மூடநம்பிக்கை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது சுலபம். 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரகுராமும் மற்றவர்களும் எழுதிய ஒரு சிறு ஆய்வு உண்டு. தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரைப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மருந்து இல்லை, பெரிய சடங்கும் இல்லை. நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பிட இன்னொரு குழு இல்லாத ஆய்வு, அதனால் கோயில் குணமாக்கும் என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது. ஆனால் ஒன்று தெரிகிறது: விரட்டாத, கேலி செய்யாத, வீட்டு ஆள் கூடவே இருக்க விடுகிற ஓர் இடம் என்பதே ஒரு சிகிச்சை மாதிரிதான்.

எங்கள் விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைத் தாளில் எழுதி "பிராது" கட்டுகிறோம். கொடுக்கல் வாங்கல் தகராறு முதல் தீராத நோய் வரை எல்லாம் அங்கே போகும். சட்டென்று பார்த்தால் பக்தி. உற்றுப் பார்த்தால், மனுவை வாங்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்கிற தேவை. மாவட்டத் தலைநகர் கடலூர் சுமார் 60 கிலோமீட்டர். சத்தம் தாங்காத ஒரு பிள்ளையை டவுன் பஸ்ஸிலும் அடுத்த பஸ்ஸிலும் ஏற்றிக்கொண்டு ஒரு சான்றிதழுக்காகப் போய்வரும் அம்மாவுக்கு, கொளஞ்சியப்பர்தான் கிட்டத்தில் இருக்கும் ஆபீஸ்.

சொற்கள் விஷயத்துக்கு வருவோம். "ஊனமுற்றோர்" போய் "மாற்றுத்திறனாளி" வந்தது. 2010 வாக்கில் கருணாநிதி ஆட்சியில் அரசுத் துறையின் பெயரிலேயே ஏறிவிட்டது. நல்லது. ஆனால் "கீழ்ப்பாக்கம்" என்ற சொல் என்ன ஆயிற்று? 1794இல் தொடங்கிய ஒரு மருத்துவமனை. டாக்டர் சாரதா மேனன் போன்றவர்கள் பல ஆண்டுகள் பொறுப்பேற்று நடத்திய இடம். நமக்கோ அது காமெடி டிராக்கில் ஒரு வசவு. 2024 ஜூலையில் நிபுன் மல்ஹோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வேறுபாடு காட்டியது: குறைபாட்டைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு, குறைபாடு உள்ளவரை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு என்று. நம்முடைய முப்பது வருடக் காமெடியை இந்தச் சல்லடையில் போட்டால் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

தெய்வத்திருமகளில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அறிவுவளர்ச்சி குன்றிய அப்பா, குழந்தையை வளர்க்கும் உரிமைக்காகக் கோர்ட்டில் போராடி ஜெயிக்கிறார். ஜெயித்த கையோடு, குழந்தையின் எதிர்காலத்துக்காகத் தானே அவளை ஒப்படைத்துவிடுகிறார். வழக்கு கொடுத்ததைக் கதை பிடுங்கிக்கொள்கிறது. நாம் அதைத் தியாகம் என்று கைதட்டுகிறோம். அவருக்கு உதவிக்கு ஓர் ஆள் வைத்து, குழந்தையும் கூடவே வளரலாம் என்பது கதாசிரியருக்கும் தோன்றவில்லை, நமக்கும் தோன்றவில்லை.

ஹரிதாஸ் எனக்குப் பிடித்த படம். ஆட்டிசம் உள்ள பையன், போலீஸ்கார அப்பா, சாதாரணப் பள்ளியில் ஒரு டீச்சர். படம் வந்த 2013இல், 1995 சட்டத்தின் ஏழு வகைக் குறைபாடுகளில் ஆட்டிசம் கிடையாது. 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில் மட்டும் இருந்தது. 2016 சட்டம்தான் ஏழை 21 ஆக்கி ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. அந்த வகையில் படம் முந்திக்கொண்டது. ஆனால் அது சொல்லிக்கொடுத்த பாடம் என்ன? பையனுக்குள் ஒரு மாரத்தான் வீரன் ஒளிந்திருக்கிறான், கண்டுபிடி. 2007இல் தாரே ஜமீன் பர் படமும் இதையே ஓவியத்தை வைத்துச் சொன்னது. விளைவு, ஆட்டிசம் என்று சொன்ன அடுத்த நிமிஷமே "அவனுக்கு எதுல டேலன்ட்?" என்று கேட்கிறோம். எதிலும் இல்லை. தானாகப் பல் துலக்க இரண்டு வருடம் ஆயிற்று, அதுதான் அவன் மாரத்தான். இதைச் சொல்லும் பெற்றோர் ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி நிற்க வேண்டியிருக்கிறது.

பேரன்பு இந்தப் பொறியில் விழவில்லை. மூளை முடக்குவாதம் உள்ள பாப்பாவுக்கு எந்த ரகசியத் திறமையும் கிடையாது. அவள் பருவமடைகிறாள், அவளுக்கும் ஆசை வருகிறது. தமிழ் சினிமா அதுவரை தொடாத இடம். ஆனால் இங்கேயும் காப்பகம் என்று வந்தால் அடி, உதை. அப்பா அவளைத் திரும்பக் கூட்டிவந்துவிடுகிறார். கடைசியில் மீராவின் அன்புதான் இருவரையும் காப்பாற்றுகிறது.

ஐந்து படத்தையும் சேர்த்து வைத்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நல்லது செய்வது எப்போதும் ஒரு தனி மனிதர்: ஓர் அப்பா, ஒரு டீச்சர், ஒரு தோழி. அமைப்பு என்று வந்தால் கொட்டடி, கோர்ட்டு, கேலி. நிஜத்தில் மாற்றம் நடந்தது நேர் எதிர்த் திசையில். சென்னையில் 1984இல் ஸ்கார்ஃப், 1985இல் வித்யா சாகர், 1993இல் பான்யன், ஆய்க்குடியில் 1981 முதல் அமர் சேவா சங்கம். அதன் பிறகு வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர்கள், பிசியோதெரபி, அடையாள அட்டை, தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை, பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல். கண்ணீர் வராத சமாச்சாரங்கள். ஆனால் ஒரு குடும்பம் நாளைக் காலையில் எழுந்து நடமாடுவது இவற்றால்தான். இவை போதவில்லை என்பது வேறு சண்டை. அந்தச் சண்டையைப் போடவே முதலில் இவை இருப்பதும், இது சலுகை அல்ல உரிமை என்பதும் ஜனங்களுக்குத் தெரிய வேண்டும்.

அன்பைக் குறை சொல்லவில்லை. அன்பு மட்டும் போதும் என்று திரும்பத் திரும்பச் சொல்லும்போது, தளர்ந்துபோன அம்மா தனக்கு அன்பு குறைந்துவிட்டதாக நினைக்கிறாள். அவளுக்குக் குறைந்தது தூக்கமும் துணையும்தான். அடுத்து இந்த விஷயத்தைத் தொடும் இயக்குநர், கதையை ஒரு வட்டார வள மையத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு பயிற்றுநர், வாரம் ஒரு நாள் பிசியோதெரபி, வரிசையில் பத்து அம்மாக்கள். யாரும் சாக வேண்டாம், யாரும் ஓடி ஜெயிக்க வேண்டாம். அந்தப் பெஞ்சில் அவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதிலேயே இரண்டரை மணி நேரக் கதை இருக்கிறது.