விதை ஓர் ஊர், மருந்து ஓர் ஊர்

ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி தயாரிக்கும் ஆலையில் முட்டையைப் பார்த்துப் பொறுக்கும் வேலை முக்கியமானது. பத்து நாள் அடைகாத்த முட்டையை விளக்குக்கு நேரே பிடித்தால், ஓட்டுக்குள் சிவப்பு நாளங்கள் வேர்போலப் படர்ந்திருப்பது தெரியும். கரு மெல்ல அசையும். உயிருள்ள முட்டையில் மட்டும் சிறு துளையிட்டு, உள்ளிருக்கும் நீரில் வைரஸைச் செலுத்துவார்கள். இரண்டு மூன்று நாளில் அது அங்கே பெருகிவிடும். பல பத்தாண்டுகளாகக் கைகொடுத்த இந்த முறைக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் சவாலாக வந்தது. கோழியைக் கொல்லும் வைரஸ் முட்டைக்குள் இருக்கும் கருவையும் கொன்றுவிடும்.

அதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழி அழகானது. இந்த வைரஸின் மரபணுத் தொகுதி எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. மேற்பரப்புப் புரதங்களுக்குரிய இரண்டு துண்டுகளைப் பறவை வைரஸிலிருந்து எடுத்து, அதைக் கொடியதாக்கும் சிறு பகுதியை நறுக்கிவிடுகிறார்கள். மீதி ஆறும் 1934-இல் போர்ட்டோ ரிக்கோவில் கிடைத்து, ஆய்வகத்தில் பழகிப்போன வைரஸிலிருந்து வருகின்றன. இதுவே விதை வைரஸ். எந்தெந்தப் பறவை வைரஸ்களுக்கு விதை தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் ஆண்டுக்கு இருமுறை கூடி முடிவு செய்கிறார்கள். நோய் மனிதரிடையே பரவத் தொடங்கிய பிறகு விதை தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

விதை இருந்தால் மட்டும் போதாது. 2007 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதித்த முதல் எச்5என்1 தடுப்பூசியை 90 மைக்ரோகிராம் வீதம் இருமுறை போட வேண்டியிருந்தது. சாதாரண ஃப்ளூ ஊசியில் ஒரு வகைக்கு 15 மைக்ரோகிராம்தான். அவ்வளவு கொடுத்தும், போட்டுக்கொண்டவர்களில் 45 விழுக்காட்டினரிடம்தான் எதிர்பார்த்த எதிர்ப்பாற்றல் உருவானது. எதிர்ப்பாற்றலைத் தூண்டும், எண்ணெய்க் குழம்பாலான துணைப்பொருளைச் சேர்த்த பிறகு, 3.75 மைக்ரோகிராமே போதும் என்ற நிலை வந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஊசிகள் நோயைத் தடுக்கின்றனவா என்று மனிதரிடம் நேரடியாகச் சோதித்துப் பார்க்க வழியில்லை. நோய் இன்னும் மனிதரிடையே தொடர்ந்து பரவவில்லை. இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளின் அளவை வைத்துத்தான் கணிக்கிறார்கள்.

வராத நோய்க்கு மருந்து வாங்கிக் குவிப்பது வீண் என்பார்கள். 2009-இல் உலகைச் சுற்றிய கொள்ளைநோய் பன்றிகளிடமிருந்து வந்த எச்1என்1. சேமித்து வைத்திருந்த எச்5என்1 குப்பிகள் அதற்கு உதவவில்லை. ஆனால் அந்த ஆண்டு ஐரோப்பாவில் போடப்பட்ட பாண்டெம்ரிக்ஸ் தடுப்பூசி, எச்5என்1-க்காக முன்பே சோதித்துத் தயாராக வைத்திருந்த மாதிரியின் மேல் எழுப்பப்பட்டது. ஏப்ரலில் அடையாளம் கண்ட வைரஸுக்கு செப்டம்பரிலேயே அனுமதி கிடைத்தது அதனால்தான். எனவே குப்பி வீணானாலும் கைப்பழக்கம் வீணாவதில்லை என்பேன். அதே பாண்டெம்ரிக்ஸ், பின்லாந்திலும் சுவீடனிலும் சில சிறார்களுக்கு வந்த, பகலிலும் அடக்க முடியாத தூக்கம் தரும் நார்கொலெப்சி நோயோடு தொடர்புடையது என்பதும் பின்னர் தெரியவந்தது. அவசரத்தில் போடும் ஊசிக்குப் பிந்தைய கண்காணிப்பு எவ்வளவு தேவை என்பதற்கு அந்தக் குழந்தைகளே சாட்சி.

எனக்கு இவற்றைவிடப் பெரிய குறையாகப் படுவது வேறு. வைரஸுக்கு அது கிடைத்த இடத்தின் பெயரையே சூட்டுவது வழக்கம். அமெரிக்காவின் முதல் ஊசியில் இருந்தது வியட்நாம் வைரஸ். 2013-இல் அங்கே அனுமதி பெற்ற, துணைப்பொருள் சேர்த்த ஊசியில் இருந்தது 2005-இல் இந்தோனேசிய நோயாளியிடம் எடுத்த வைரஸ். அந்த ஆண்டுகளில் இந்த நோய்க்கு அதிகம் பேரைப் பறிகொடுத்த நாடு இந்தோனேசியா. வைரஸ் மாதிரிகளை அது உலக சுகாதார நிறுவனத்துக்கு இலவசமாக அனுப்பியது. அவற்றை வைத்து ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பூசி தயாரிப்பது தெரிந்ததும், சுகாதார அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரி மாதிரி அனுப்புவதை நிறுத்தினார். எங்கள் வைரஸில் செய்த மருந்தை எங்களால் வாங்க முடியாதென்றால் ஏன் கொடுக்க வேண்டும் என்பதே அவர் வாதம். மாதிரியை நிறுத்தியது ஆபத்தான செயல். உலகத்தின் கண்ணையே கட்டிவிடும். என்றாலும் அவர் கேட்டது நியாயமான கேள்வி. நாலாண்டுப் பேச்சுக்குப் பிறகு, 2011-இல் ஓர் உடன்பாடு பிறந்தது. அதன்படி கொள்ளைநோய் வந்தால், உற்பத்தியாகும் தடுப்பூசியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உலக சுகாதார நிறுவனத்தின் கைக்கு வரும். முன்பு எதுவுமே இல்லை என்பதால் இது முன்னேற்றம்தான். ஆனால் மீதி ஒன்பது பங்கு முன்பணம் கட்டியவருக்கே.

கையில் இருப்பதை யாருக்குப் போடுவது என்பதிலும் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. 2024-இல் பின்லாந்து சுமார் 10,000 பேருக்குப் போதுமான தடுப்பூசியை வாங்கி, மென்மயிருக்காக விலங்கு வளர்க்கும் பண்ணைத் தொழிலாளர் போன்றோருக்குப் போடத் தொடங்கியது. நார்கொலெப்சியின் வடு ஆறாத அதே நாடுதான், நோய்க்கு மிக அருகில் நிற்பவருக்கு முதலில் போட்டது. அதே ஆண்டு வசந்தத்தில் டெக்சஸில், இந்த வைரஸ் தொற்றியதாகக் கருதப்பட்ட கறவை மாடுகளோடு வேலை செய்த ஒருவர் கண்கள் சிவந்து மருத்துவரிடம் போனார். வேறு அறிகுறி எதுவுமில்லை, சோதித்தபோது எச்5என்1. அதன் பிறகு அமெரிக்கா நாற்பத்தெட்டு லட்சம் ஊசிகளைக் குப்பிகளில் நிரப்பி வைத்தது. பால் கறக்கும் கூடத்தில் நிற்பவர்களுக்கு அதில் ஒன்றுகூடக் கொடுக்கப்படவில்லை.