நேரம் சரியா காட்டுதே, அப்புறம் எதுக்கு சர்வீஸ்?

பழைய எச்.எம்.டி. ஜனதா வைத்திருப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. "நேரம் சரியா காட்டுதுல்ல, விடுப்பா" என்பது ஒன்று. காலண்டரைப் பார்த்து 5 வருஷத்துக்கு ஒருமுறை பிரிக்கச் சொல்வது இன்னொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஆனால் முதல் கட்சிதான் ஆபத்தானது.

ஜனதாவின் பேலன்ஸ் வீல் மணிக்கு 18,000 தடவை, அதாவது நாளைக்கு 4,32,000 தடவை துடிக்கிறது. எண்ணெய் காய்ந்தால் முதலில் குறைவது அந்த ஆட்டத்தின் வீச்சு. ஊஞ்சல் மாதிரிதான்: வீச்சு குறைந்தாலும் ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் பெரிதாக மாறாது. மாறினாலும் ரெகுலேட்டரை ஒரு துளி நகர்த்தினால் சரியாகிவிடும். முள் ஒழுங்காகச் சுற்றும். உள்ளே அச்சு முனைகள் எண்ணெய் இல்லாமல் தேய்ந்துகொண்டிருக்கும். சர்வர் பிங்குக்குப் பதில் சொல்லுது, அதனால டிஸ்க் நல்லாயிருக்குன்னு சொல்ற கதை.

எதிர்ப்பக்கமும் உண்டு. நன்றாக ஓடிய வாட்ச் திடீரென்று நாளைக்குப் பல நிமிஷம் முந்தினால் உடனே பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். ஸ்பீக்கர், மொபைல் கவர் காந்தம் பட்டு ஹேர்ஸ்பிரிங் சுற்றுகள் ஒட்டியிருக்கலாம். காந்தத்தை நீக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம்.

ஆக, பார்க்க வேண்டியது வீச்சை. முழுசாகச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்க டைம்கிராஃபரில் வைத்தால், பழைய வாட்சுக்கு 250 டிகிரி வந்தால் நல்லது. 200க்குக் கீழே போனால் தள்ளிப்போடாதீர்கள். (மொபைல் ஆப்பில் லிஃப்ட் ஆங்கிளைத் தப்பாகக் கொடுத்தால் வீச்சும் தப்பாகத்தான் வரும்.) கருவி இல்லையா? முழுச் சாவி கொடுத்தும் ஒரு நாள் தாண்டாமல் நின்றால் அதுவே பதில்.

விற்பனை விளம்பரங்களில் வரும் "சர்வீஸ் செய்தது" என்ற சொல்லுக்கு நான் மதிப்பு கொடுப்பதில்லை. பிரிக்காமலே மெஷினைப் பெட்ரோலில் அலசி, ரெண்டு சொட்டு எண்ணெய் விடுவதும் அந்தப் பெயரில் நடக்கிறது. கொஞ்ச நாள் ஜோராக ஓடும். எப்போது, முழுசாகப் பிரித்தார்களா என்று கேளுங்கள். பின்மூடியின் உட்பக்கத்தையும் பாருங்கள். சில மெக்கானிக்குகள் தேதியைக் கீறி வைத்திருப்பார்கள்.

1961இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் தொடங்கிய வாட்ச் தொழிலை மூட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்தது. இனி உதிரிபாகம் என்றால், பெரும்பாலும் இன்னொரு வாட்சைப் பிரித்து எடுப்பதுதான். காலண்டர் கட்சி இங்கேதான் அடிபடுகிறது: பழகாத கை ஒருமுறை திறந்தாலே திருகுத் தலை சிதையும், ஹேர்ஸ்பிரிங் வளையும். அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்கோ திருவண்ணாமலைக்கோ போகிற பஸ் செலவைவிட, நல்ல கை கிடைப்பதுதான் கஷ்டம்.

ஒரே ஒரு விதிவிலக்கு: சரித்திரம் தெரியாமல் வாங்கிய வாட்ச். வீச்சு எவ்வளவு வந்தாலும் சரி, ஒருமுறை முழுசாகப் பிரித்துச் சுத்தம் செய்யாமல் தினசரி கட்டாதீர்கள்.